கொள்முதல் செய்யும் கை

திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் கையைச் சுட்டுக்கொண்ட தொழிலாளியின் வைத்தியத்துக்கு யார் பணம் கட்டுவது? இந்தக் கேள்விக்கு நாலு விதமான பதில்கள் உண்டு. அவர் பெயர் இ.எஸ்.ஐ. பதிவேட்டில் இருந்தால், 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்த தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழகம் பொறுப்பு. அதில் இல்லையென்றால், 1923-இல் பிரிட்டிஷ் ஆட்சி கொண்டுவந்த இழப்பீட்டுச் சட்டத்தில் தொடங்கிய விதியின் வழியே முதலாளி பொறுப்பு. தமிழ்நாட்டுக் குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் இருந்தால், பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. மூன்றும் கைகொடுக்காதவருக்கு மேஸ்திரியிடம் வாங்கும் முன்பணமும் ஊரில் அடகுபோகும் நகையும்தான் மிச்சம். இந்த நாலு வழியும் அடைபட்டவர்கள், சில நேரம் நாலு வழியும் திறந்திருப்பவர்களும்கூட, கடைசியில் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்: கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு. நூறு ஆண்டுகளில் இந்தியா செய்த மருத்துவச் சீர்திருத்தங்கள் பெரும்பாலும் பணம் கட்டுபவரை மாற்றிய சீர்திருத்தங்கள். ஆனால் மருத்துவச் செலவின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தியவை எவை என்று திருவள்ளூர் வட்டாரத்தின் வரலாற்றை வைத்துப் பார்த்தால் விடை வேறு பக்கம் கிடைக்கிறது. மருந்தையும் சிகிச்சையையும் யார், எப்படி, எந்த இடத்தில் வாங்குகிறார்கள் என்பதை மாற்றிய சீர்திருத்தங்களே செலவை அடக்கின. கட்டுபவரை மட்டும் மாற்றியவை சுமையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றின. சுமையின் எடை அப்படியே இருந்தது.

இ.எஸ்.ஐ. இந்த வரிசையில் மூத்தது. பேராசிரியர் பி.பி. அடார்கர் 1944-இல் கொடுத்த அறிக்கை அதற்கு அடித்தளம். 1952-இல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கி, 1955-இல் கோயம்புத்தூர் வழியாகச் சென்னை மாநிலத்துக்குள் வந்தது. ஆலை, நிரந்தர வேலை, மாதச் சம்பளம் என்ற மூன்றும் ஒன்றாக இருக்கும் உலகத்துக்காக வகுத்த திட்டம் அது. பஞ்சாலைத் தொழிலாளிக்கும் பெரம்பூர், அம்பத்தூர்ப் பக்கத்து இயந்திரத் தொழிலாளிக்கும் அது பொருந்தியது. கும்மிடிப்பூண்டி வேறு மாதிரி வளர்ந்த ஊர். சென்னையிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர், கல்கத்தா நெடுஞ்சாலை, புறநகர் ரயிலின் கடைசி நிலையங்களில் ஒன்று, ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். பழைய இரும்பை உருக்கும் பர்னஸ்களும், கம்பி இழுக்கும் மில்களும், ரசாயன ஆலைகளும் இங்கே வந்தபோது கூடவே வந்தது காண்ட்ராக்ட் முறை. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் ஒரு காண்ட்ராக்டரிடம் மூன்று மாதம், அடுத்தவரிடம் இரண்டு மாதம் என்று மாறுகிறார்கள். இ.எஸ்.ஐ. விதியோ ஆறு மாதச் சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாள் சந்தா இருந்தால்தான் நோய்க்கால உதவித்தொகை தரும். காண்ட்ராக்டர் சந்தாவைக் கட்டாமல் விட்டாலோ, ஆள் மாறும்போது பழைய காப்பீட்டு (ஐ.பி.) நம்பரைத் தொடராமல் புது நம்பர் போட்டாலோ அந்த 78 நாள் கணக்கு உடைந்துவிடும். சம்பளத்தில் பிடித்தம் போகும், உதவி வராது.

இந்தத் திட்டம் எங்கே தவறியது என்பதை அதன் கணக்கே காட்டுகிறது. 2017 ஜனவரியில் சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாயிலிருந்து 21,000 ரூபாயாக உயர்ந்தது. ஏராளமான புதிய உறுப்பினர்கள் உள்ளே வந்தார்கள். 2018-19 நிதியாண்டில் 3.6 கோடித் தொழிலாளர்களின் பேரில் 22,279 கோடி ரூபாய் சந்தா வசூலானது. வரவு செலவை மிஞ்சி நின்றதால் 2019 ஜூலை 1 முதல் சந்தா விகிதத்தை மொத்தச் சம்பளத்தில் 6.5 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாகக் குறைத்தார்கள். காப்பீட்டு நிதியில் பணம் மிஞ்சுகிறது, அதே உறுப்பினர்கள் தெருமுனை கிளினிக்கில் கைக்காசு கொடுத்து ஊசி போட்டுக்கொள்கிறார்கள். பர்னஸ் ஷிஃப்ட் முடிந்த ஆள் அரைநாள் கூலியை விட்டு அயனாவரம் மருத்துவமனைக்குப் போய் வரிசையில் நிற்பதைவிட, நூறு, இருநூறு கொடுத்துப் பக்கத்திலேயே பார்த்துக்கொள்வது அவருக்கு லாபம். ஆக, பணம் கட்டும் அமைப்பு ஒன்று ஏற்பட்டுவிட்டதாலேயே அந்தப் பணம் சிகிச்சையாக மாறிவிடுவதில்லை. சிகிச்சை தொழிலாளி இருக்கும் இடத்துக்கு வராதவரை, காகிதத்தில் உள்ள காப்பீடும் சட்டைப்பையிலிருந்து போகும் செலவும் பக்கம் பக்கமாகவே ஓடிக்கொண்டிருக்கும்.

இடத்தை மாற்றினால் செலவு எப்படி மாறும் என்பதற்கு உலகத்துக்கே முன்னுதாரணம் காட்டியது சென்னைதான். 1950-களின் நடுப்பகுதி வரை காசநோய் என்றால் சானடோரியம். டாக்டர் சவுரிமுத்து 1928-இல் தாம்பரத்தில் தொடங்கி, 1937-இல் அரசிடம் வந்த சானடோரியம் அந்த முறையின் அடையாளம்: மாதக்கணக்கில் படுக்கை, நல்ல காற்று, சத்தான சாப்பாடு. நாட்டில் இருந்த நோயாளிகளுக்குத் தேவையான படுக்கைகளைக் கட்ட எந்த அரசாலும் முடிந்திருக்காது. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மாநில அரசும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் சேர்ந்து சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தைத் தொடங்கின. ஒரே மருந்துகளை ஒரு பகுதியினருக்கு சானடோரியத்திலும் மற்றவர்களுக்கு அவர்களுடைய குடிசையிலும் கொடுத்து ஒப்பிட்டார்கள். வீட்டில் சாப்பாடு மோசம், இடம் நெருக்கடி, ஓய்வும் குறைவு. இருந்தும் 1959-இல் வெளியான முடிவின்படி குணமானவர்களின் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. அந்த ஓர் ஆய்வுக்குப் பிறகு உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சை படுக்கையை விட்டு வெளியே வந்தது. கட்டியிருக்க வேண்டிய ஆயிரக்கணக்கான படுக்கைகள் தேவையற்றுப் போயின. மருத்துவச் செலவின் வரலாற்றில் இத்தனை மலிவாக இத்தனை பெரிய சேமிப்பைக் கொண்டுவந்த சீர்திருத்தங்கள் அபூர்வம். அதற்குக் காப்பீட்டு அட்டை எதுவும் தேவைப்படவில்லை.

அதே மையம் பிறகு திருவள்ளூர்ப் பக்கமே வந்து வேரூன்றியது. 1968-இல் தொடங்கிய செங்கல்பட்டு பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வின் களம் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் வட்டாரம். 1997-இல் திருவள்ளூர் தனி மாவட்டமானது. 1999-இல், நேரடிக் கண்காணிப்பில் மாத்திரை கொடுக்கும் டாட்ஸ் முறைக்கு முன்மாதிரிக் களமாக இந்த மாவட்டத்தின் கிராமங்களையே எடுத்துக்கொண்டார்கள். காசநோயாளிக் குடும்பங்களின் செலவைப் பற்றி அந்த மையத்தார் 1990-களின் இறுதியில் தமிழ்நாட்டில் செய்த ஆய்வு ஒன்று முக்கியமானது. ஒரு நோயாளிக்கு ஆன மொத்தச் செலவு சராசரியாக 5,986 ரூபாய். அதில் மருத்துவத்துக்கும் போக்குவரத்துக்கும் நேராகக் கொடுத்தது 2,052 ரூபாய், வேலைக்குப் போக முடியாமல் இழந்தது 3,934 ரூபாய். இழந்த கூலி, கொடுத்த பணத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. மருத்துவமனைச் செலவுக்கான காப்பீட்டுத் திட்டங்கள் எண்ணாத செலவு இது. நாட்டின் மருத்துவக் கணக்கிலும் இது ஏறாது. ஆனால் கூலிக்காரர் சிகிச்சைக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதே இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இடத்தை மாற்றியது ஒரு வகை என்றால், வாங்கும் முறையை மாற்றியது மற்றொரு வகை. 1994 ஜூலையில் பதிவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அதற்கு எடுத்துக்காட்டு. அதற்கு முன் ஒவ்வொரு துறையும் மருத்துவமனையும் தனித்தனியாக மருந்து வாங்கின. விலை ஒன்றுக்கொன்று பொருந்தாது, பணம் தாமதமாகப் போகும், தேவையான மாத்திரை இல்லாத நேரத்தில் தேவையில்லாத டானிக் அலமாரியில் நிற்கும். கழகம் முதலில் செய்தது அத்தியாவசிய மருந்துப் பட்டியல் ஒன்றைப் போட்டு, அதை வணிகப் பெயரில் வாங்காமல் மருந்தின் மூலப்பெயரில் வாங்கியது. டெண்டர் இரண்டு உறையாக வரும்: முதல் உறையில் நிறுவனத்தின் தகுதி, இரண்டாவதில் விலை, தகுதி தேறியவர்களின் விலை உறையை மட்டுமே பிரிப்பார்கள். வந்த சரக்கின் மாதிரியை நிறுவனத்தின் பெயரை மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறிய பிறகுதான் விநியோகம். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. வருடத்துக்கு அதற்கு ஒதுக்கிய தொகை அதில் வரவாக இருக்கும். மாவட்டக் கிடங்கிலிருந்து மருந்து எடுக்கும்போதெல்லாம் அதன் விலை அதில் கழியும். எந்த மருந்து எவ்வளவு வேண்டும் என்று முடிவெடுப்பது அந்த ஊர் டாக்டர். எந்த விலைக்கு வாங்குவது என்று முடிவெடுப்பது சென்னை. இந்த வேலைப் பிரிவினைதான் அதன் பலம். பல மருந்துகளின் கொள்முதல் விலை கடை விலையில் சிறு பங்காக இறங்கியது. ஸ்கேனும் இதே வழியில் வந்தது. அரசு மருத்துவமனையில் சி.டி. ஸ்கேனுக்கு 500 ரூபாய் என்ற கட்டணம் வெளிச் சந்தையின் கட்டணத்துக்குப் பக்கத்திலேயே நிற்காது. கேரளமும் ராஜஸ்தானும் பின்னர் இதே மாதிரிக் கழகங்களை அமைத்துக்கொண்டன.

காப்பீடு மருத்துவச் செலவைப் பெருக்கிவிடும் என்ற வலுவான வாதம் ஒன்று உண்டு. அமெரிக்கா அதற்குச் சாட்சி. 1960-இல் அந்த நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 5 விழுக்காடாக இருந்த மருத்துவச் செலவு 2010-இல் 17 விழுக்காட்டைத் தொட்டது. 1965-இல் முதியோருக்கான மெடிகேர் வந்ததும் மருத்துவமனைகளின் செலவு பாய்ச்சலாக ஏறியதைப் பொருளியலாளர் ஏமி ஃபிங்கெல்ஸ்டைன் ஆராய்ந்து, 1950 முதல் 1990 வரையிலான தலா மருத்துவச் செலவு உயர்வில் ஏறத்தாழ பாதியைக் காப்பீட்டின் பரவலே விளக்கக்கூடும் என்று மதிப்பிட்டார். தமிழ்நாட்டிலும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியபோது குடும்பத்துக்கு ஆண்டுப் பிரீமியம், வரி நீங்கலாக, 469 ரூபாய். நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து ஒரு லட்சம் ரூபாய்வரை சிகிச்சை. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான திட்டமாக மாறியபோது 497 ரூபாய், ஆண்டுக்கே ஒரு லட்சம். 2017-இல் 699. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து வரம்பு 5 லட்சமானது. 2022-இல் 849 ரூபாய். பன்னிரண்டரை ஆண்டில் பிரீமியம் 81 விழுக்காடு கூடியிருக்கிறது. அதே காலத்தில் நாட்டின் பொது விலைவாசி இருமடங்குக்கும் மேல் ஏறியது. உறுப்பு மாற்று போன்ற பெருஞ்செலவுகளுக்கு அரசு தனியாக வைத்திருக்கும் நிதி இந்தப் பிரீமியத்தில் சேராது என்பதைக் கணக்கில் கொண்டாலும், அமெரிக்கப் பாய்ச்சல் இங்கே நடக்கவில்லை.

ஏன் நடக்கவில்லை என்பதில்தான் என் வாதத்துக்கான முக்கியச் சான்று இருக்கிறது. அன்றைய மெடிகேர் மருத்துவமனைக்கு ஆன செலவை ஆனபடியே திருப்பிக் கொடுத்தது. கட்டுபவர் மாறினார், விலை சொல்பவர் மாறவில்லை. தமிழ்நாட்டுத் திட்டத்திலோ ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்காக அரசு ஒரே வாங்குபவராக நின்று, ஒவ்வொரு அறுவைச் சிகிச்சைக்கும் முன்கூட்டியே விலை வைத்தது. போதாததற்கு, அரசு மருத்துவமனைகளும் அதே பட்டியலில் போட்டியாளர்களாக நின்றன. தனியார் மருத்துவமனை விலையை ஏற்றினால் நோயாளி போவதற்கு வேறு இடம் இருந்தது. காப்பீடு என்ற பெயரில் நடந்தது உண்மையில் மொத்தக் கொள்முதல். அது எட்டாத இடத்தில் செலவு பழைய வேகத்திலேயே ஓடுகிறது: புறநோயாளிச் சிகிச்சை, கடையில் வாங்கும் மருந்து, பரிசோதனைச் சாலை. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஆயுள் முழுக்க விழுங்கும் மாத்திரைக்கு ஐந்து லட்ச ரூபாய் அட்டை ஒரு பைசாவும் தராது.

தேசியக் கணக்கைக் காட்டி மறுப்பவர்கள் உண்டு. தேசிய மருத்துவக் கணக்குகளின்படி மக்கள் கைக்காசாகக் கொடுப்பது 2004-05-இல் மொத்த மருத்துவச் செலவில் 69.4 விழுக்காடு, 2013-14-இல் 64.2, 2021-22-இல் 39.4. மொத்தச் செலவும் நாட்டு உற்பத்தியில் 2013-14-இன் 4 விழுக்காட்டிலிருந்து 2018-19-இல் 3.2-க்கு இறங்கி, 2021-22-இல் 3.8-இல் நின்றது. அதே காலத்தில் அரசின் பங்கு 28.6-இலிருந்து 48 விழுக்காடாக உயர்ந்தது. கட்டுபவரை மாற்றியதே போதுமான பலனைத் தந்திருக்கிறதே என்பது அவர்கள் கேள்வி. அரசு கூடுதலாகச் செலவிட்டது உண்மை, அது நல்லதும்கூட. ஆனால் கைக்காசு 2016-17-இல் 58.7 விழுக்காடாக இருந்து அடுத்த ஒரே ஆண்டில் 48.8-க்குச் சரிந்ததைக் கவனிக்க வேண்டும். ஒரு நாட்டின் மருத்துவப் பழக்கம் பன்னிரண்டு மாதத்தில் அப்படி மாறாது. அந்த ஆண்டில் கணக்குக்கு அடிப்படையான தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் சுற்று மாறியது. 2014-இன் 71-ஆவது சுற்றுக்குப் பதிலாக 2017-18-இன் 75-ஆவது சுற்றை எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சுற்றில் மருத்துவமனையில் சேர்ந்ததாகச் சொன்னவர்களின் விகிதமே குறைந்திருந்தது. செலவு குறைந்ததற்கு மலிவு ஒரு காரணமாக இருக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் விட்டது இன்னொரு காரணமாகவும் இருக்கலாம். கூலி போய்விடும் என்று வைத்தியத்தைத் தள்ளிப்போடும் காண்ட்ராக்ட் தொழிலாளி தேசியக் கணக்கில் ஒரு சேமிப்பாகப் பதிவாகிறார்.

இங்கேதான் இரண்டாவது மறுப்பு வருகிறது: நாட்டு உற்பத்தியில் நாலு விழுக்காட்டைக்கூடத் தொடாத ஒரு நாடு செலவைக் குறைப்பதைப் பற்றிப் பேசலாமா? கூட்டுவதைப் பற்றியல்லவா பேச வேண்டும்? இந்த மறுப்பு நியாயமானது. இந்தியா இன்னும் அதிகம் செலவிடத்தான் வேண்டும். ஆனால் கூடுதல் ரூபாய் விலையாகக் கரைகிறதா, சிகிச்சையாகச் சேர்கிறதா என்பதைத் தீர்மானிப்பது வாங்கும் முறை. தாய்லாந்து 2001-02-இல் முப்பது பாட் திட்டத்தைக் கொண்டுவந்தபோது புறநோயாளிச் சிகிச்சைக்குத் தலைக்கு இவ்வளவு என்று மாவட்ட மருத்துவ வலையத்துக்கு முன்கூட்டியே தொகை கொடுத்தது. மக்கள் முதலில் போக வேண்டிய இடம் தங்கள் வட்டார நிலையம். மக்களின் கைக்காசு மூன்றில் ஒரு பங்கிலிருந்து ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக இறங்கியது. மொத்தச் செலவு கட்டுக்குள் நின்றது. சிகிச்சை பெற்றவர்களின் எண்ணிக்கையோ கூடியது. செலவை அடக்குவதும் சிகிச்சையைப் பெருக்குவதும் ஒன்றுக்கொன்று பகை என்பது எப்போதும் உண்மையல்ல.

ஒரே கை வாங்கினால் தரம் கெடும், விலையை நசுக்கினால் நல்ல மருத்துவமனைகள் விலகிக்கொள்ளும், நோயாளியிடம் மேலே கொஞ்சம் கேட்கும் என்பது மூன்றாவது மறுப்பு. அந்த ஆபத்து நிஜம். மிகக் குறைந்த டெண்டர் விலை சில மருந்துகளுக்கு ஆள் வராமல் போகச் செய்யும். பட்டியல் விலை பழசாகிவிட்டால் பில்லுக்கு வெளியே பணம் கைமாறும். இதற்கு மருந்து வாங்கும் கையை உடைப்பது தீர்வாகாது. பெயர் மறைத்த ஆய்வகச் சோதனை, குறித்த காலத்தில் பணம், சில ஆண்டுக்கொரு முறை விலைத் திருத்தம் ஆகிய மூன்றையும் சரியாகச் செய்தால் போதும். 1994-க்கு முந்தைய சிதறிய கொள்முதலில் தரமும் இல்லை, மலிவும் இல்லை என்பதை வரலாறு பார்த்துவிட்டது.

கும்மிடிப்பூண்டிக்கு இதிலிருந்து கிடைப்பது திட்டவட்டமான முடிவு. 2022 ஜனவரியில் திருவள்ளூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. பெரிய சிகிச்சைக்குச் சென்னைக்கு ஓடும் கட்டாயம் மாவட்டத்தின் ஒரு பகுதிக்காவது குறைகிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனது. 2024-இல் அது தொழிற்சாலைகளுக்கும் நீண்டது. 1959-இன் சானடோரியப் பாடமும் 1994-இன் கொள்முதல் பாடமும் சேர்ந்த சீர்திருத்தம் இதுதான்: மொத்தமாக வாங்கிய மருந்து, நோயாளி இருக்கும் இடத்தில்.  முதலமைச்சர் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு மேல் இங்கே வசிக்கும் வெளிமாநிலத் தொழிலாளியும் தொழிலாளர் துறைச் சான்றோடு சேரலாம். ஆனால் சான்று வாங்க ஒருநாள் கூலி போகும் என்றால் பர்னஸ் தொழிலாளி வாங்கமாட்டார். இ.எஸ்.ஐ. நிதியில் மிஞ்சும் பணத்தைச் சந்தாக் குறைப்பாகத் திருப்புவதைவிட, ஷிஃப்ட் நேரத்துக்கு ஏற்பத் திறந்திருக்கும் மருந்தகமாகச் சிப்காட் வாசலில் நிறுத்தினால் அது செலவைக் கூட்டும்போலத் தோன்றும். முற்றிய சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டபின் செய்யும் டயாலிசிஸோடும் விட்டுப்போன வேலை நாட்களோடும் வைத்துப் பார்த்தால்தான் அது எவ்வளவு மிச்சம் என்று தெரியும். அடுத்த சீர்திருத்தம் எது வந்தாலும், எத்தனை லட்சம் வரை அட்டை தரும் என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு: விலை வைப்பவர் யார், தொழிலாளி அதைப் பெற எத்தனை நாள் கூலியை இழக்க வேண்டும்.